அத்தியாயம் 4: மேயப்போன மனத்தை அழைத்து வருதல்

சமையலறையில் கிஸ்மிஸ் டப்பா இருந்தால், அதிலிருந்து இரண்டே இரண்டு பழங்களை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். பாயசத்துக்கு நெய்யில் வறுத்துப் போடுவோமே, அதே உலர்திராட்சைதான். இல்லையென்றால் ஒரு துண்டு பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை இரண்டு, எதுவானாலும் சரி. அத்தியாயத்தைப் படித்து முடித்த பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இதைச் செய்தவருக்கு மீதிப் பக்கங்கள் எளிதாகப் புரியும்.

ஒரு பழத்தை உள்ளங்கையில் வையுங்கள். இப்படி ஒரு பொருளை இதுவரை கண்டதே இல்லை என்பதுபோலப் பாருங்கள். சுருக்கங்களுக்குள் நிறம் எப்படி அடர்கிறது, காம்பு ஒட்டியிருந்த இடம் எது என்று தேடுங்கள். விரல்களுக்கிடையே உருட்டினால் பிசுபிசுப்பு தெரியும். காதருகே கொண்டுபோய் மெல்ல நசுக்குங்கள்; சத்தம் ஏதும் கேட்கிறதா? மூக்கருகே பிடியுங்கள். இன்னும் ஒன்றும் தின்னவில்லை, அதற்குள் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியிருக்கும். இப்போது நாக்கின் மேல் வைத்து, கடிக்காமல் சற்று நேரம் இருங்கள். பிறகு ஒரே ஒரு கடி. புளிப்பா, இனிப்பா, எது முந்தி வந்தது? விழுங்கத் தோன்றும் அந்தத் தூண்டுதல், விழுங்குவதற்குச் சற்று முன்னாலேயே வருகிறது. அதைப் பிடிக்க முடிகிறதா பாருங்கள்.

மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும். இதற்குள் மனம் எத்தனை முறை வெளியே போய்விட்டு வந்தது? ‘இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு’ என்று ஒருமுறை போயிருக்கும். ‘கேஸ் சிலிண்டர் புக் பண்ணணுமே’ என்று ஒருமுறை. அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு ஒருமுறை. போனது தெரிந்ததும் பழத்துக்குத் திரும்பி வந்தீர்கள் அல்லவா? அந்தத் திரும்புதலைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் பழகப்போகிறோம். மனத்தை எங்கும் போகாமல் கட்டி வைக்க யாராலும் முடியாது. அதற்கு முயலவும் வேண்டாம். போனதை அறிவது, வையாமல் அழைத்து வருவது, மறுபடி போனால் மறுபடி அழைத்து வருவது. இவ்வளவுதான் வேலை.

இரண்டாவது பழத்தை வழக்கம்போல வாயில் போட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரியும்.

வூஸ்டர் மருத்துவமனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்றொரு ஊர். அங்கேயுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். ஜென் தியானத்தையும் விபஸ்ஸனாவையும் ஹட யோகத்தையும் தனியாகப் பழகிவந்தவர். அவரிடம் வந்தவர்களோ ஞானம் தேடி வந்தவர்கள் இல்லை. ஆண்டுக்கணக்கில் முதுகுவலி, தலைவலி, ரத்த அழுத்தம் என்று அலைந்தவர்கள். மருத்துவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு, இனி இதோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்ட நோயாளிகள். எப்படிப் பழகுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தரும் இடமாக அந்தப் பிரிவு வளர்ந்தது.

எட்டு வாரம். வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் பேசாமல் பயிற்சி. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 45 நிமிடம் வீட்டிலேயே செய்யும் பயிற்சி. எம்.பி.எஸ்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பாடத்திட்டத்தின் முதல் வகுப்பில் உங்களிடமும் ஒரு திராட்சையைத்தான் நீட்டுவார்கள். மூலம் பௌத்தமாக இருந்தாலும் வகுப்பறையில் மந்திரம் இல்லை, உருவம் இல்லை, தீட்சை இல்லை. எந்தக் கடவுளைக் கும்பிடுகிறவரும், எதையும் கும்பிடாதவரும் செய்யலாம். ஒரு மருத்துவமனைக்குள் இதற்கு இடம் கிடைத்ததற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எம்.பி.எஸ்.ஆர். என்பதன் முதல் எழுத்து குறிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘நினைவாற்றல்’ என்று தமிழில் எழுதுவதைப் பார்க்கிறேன். அது ஞாபகசக்தி. ‘மனநிறைவு’ என்றும் எழுதுகிறார்கள். அது திருப்தி. இரண்டுமே படிக்கிறவரை வேறு வழியில் கொண்டுபோய்விடும். பாலி மொழியில் இதன் பெயர் ‘சதி’. சமஸ்கிருதத்து ‘ஸ்மிருதி’யின் உறவுச் சொல். இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881-ல் பௌத்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது இதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டார். மூலச்சொல்லின் வேரில் ‘மறவாமை’ என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் எதை மறவாமை? நேற்று சாவியை எங்கே வைத்தோம் என்பதை இல்லை. இப்போது எங்கே இருக்கிறோம், கை என்ன செய்கிறது, உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மறவாமை. யாழ்ப்பாணத்தில் வழியனுப்பும்போது ‘கவனமாப் போயிட்டு வாங்கோ’ என்பார்கள். அந்தக் ‘கவன’த்தில் விழிப்பும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. ஆகவே இந்த நூலில் ‘முழுக்கவனம்’ என்றே எழுதுகிறேன்.

பாம்பு போன பிறகும் ஓடும் உடம்பு

பாதையில் பாம்பைக் கண்டால் என்ன நடக்கிறது? யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்கிவிடுகிறது. மூளையின் அடியாழத்தில் பாதாம்பருப்பு வடிவத்தில் இருக்கும் அமிக்டலா ஆபத்தை உணர்த்துகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. சற்றுப் பின்னால் கார்டிசால் வருகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது, செரிமானம் மந்தமாகிறது. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம் இது. பாம்பு புதருக்குள் போய்விட்டால் சற்று நேரத்தில் எல்லாம் தணிய வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கி, வரிக்குதிரைக்கு ஏன் குடற்புண் வருவதில்லை என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து 1994-ல் ஒரு நூல் எழுதினார். சிங்கத்திடமிருந்து தப்பிய வரிக்குதிரை மறுபடி மேயப் போய்விடுகிறது. நாம் அப்படி இல்லை. மாதத் தவணை, மகளின் பரீட்சை, மேலதிகாரி பதில் போடாத வாட்ஸ்அப் செய்தி: இவை எதுவும் எதிரில் நிற்காதபோதும் படுக்கையில் புரண்டபடி நாமே வரவழைத்துக்கொள்கிறோம். நினைவில் வரும் பாம்புக்கும் உடம்பு அதே ஆயத்தத்தைத்தான் செய்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்தால்? கழுத்து விறைப்பு, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது.

மனம் எவ்வளவு நேரம் இப்படி வெளியே திரிகிறது என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2010-ல் அளந்து பார்த்தார்கள். 2,250 பேரிடம் ஐபோன் வழியாக, நேரங்காலம் இல்லாமல், ‘இந்த நொடியில் என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம், 46.9 சதவீதம், செய்யும் வேலையில் மனம் இல்லை. அப்படி இல்லாத நேரங்களில் மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. இன்பமான கற்பனைக்குப் போனவர்கள்கூட, கையில் இருக்கும் வேலையோடு இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

இதைப் படித்ததும் மனத்தைக் குரங்கு என்று திட்டத் தோன்றும். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். திட்டுவதும் ஒரு சின்னப் பாம்புதான். அதற்கும் உடம்பு இறுகும். மாலையில் மாடு இன்னும் திரும்பவில்லை என்றால் மேய்ச்சல் நிலத்துக்குப் போய், கயிற்றைப் பிடித்து, பேச்சுக்கொடுத்தபடி கூட்டி வருகிறோம். மேய்வது அதன் இயல்பு என்று நமக்குத் தெரியும்.

படுத்தபடி உடம்பைச் சுற்றி வருதல்

எட்டு வாரப் பாடத்தில் முதல் இரண்டு வாரமும் பெரும்பாலும் இந்தப் பயிற்சிதான். இங்கே அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் பயிற்சிக்கும் இதுவே அடித்தளம் என்பதால் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாயோ மெல்லிய மெத்தையோ போதும். மல்லாந்து படுங்கள், கைகள் உடம்புக்கு இரு பக்கமும், உள்ளங்கை மேல்நோக்கி. முதுகுவலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். படுக்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். போனை வேறு அறையில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பத்தாவது நிமிடம் யாராவது வந்து ‘உடம்பு சரியில்லையா?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

முதலில் உடம்பின் பாரம் தரையில் எங்கெங்கே இறங்குகிறது என்று பாருங்கள்: குதிகால், பிட்டம், தோள்பட்டை, தலையின் பின்புறம். பிறகு கவனத்தை இடது கால் பெருவிரலுக்குக் கொண்டுபோங்கள். விரலை அசைக்க வேண்டாம், கற்பனையில் பார்க்கவும் வேண்டாம். அங்கே என்ன தெரிகிறது? சூடு, குளிர்ச்சி, துணி உரசுவது, துடிப்பு, அரிப்பு. ஒன்றுமே தெரியாவிட்டால் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதே அங்கே உள்ள சேதி. அடுத்தடுத்த விரல்கள், உள்ளங்கால், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொன்றிலும் சில மூச்சு நேரம் தங்கி மேலே வாருங்கள். அடுத்த இடத்துக்குப் போகும்போது முன்னால் இருந்த இடத்தை மூச்சு வெளியேறுவதோடு விட்டுவிடுங்கள். பிறகு வலது கால் அதேபோல. இடுப்பு, வயிறு, முதுகு, நெஞ்சு. இரண்டு கைகளையும் விரல்நுனியிலிருந்து தோள்வரை சேர்த்தே பார்க்கலாம். கழுத்து, தாடை, கண்களைச் சுற்றி, நெற்றி, உச்சந்தலை. கடைசியில் உடம்பு முழுவதும் ஒன்றாக மூச்சுவிடுவதைச் சற்று நேரம் உணர்ந்தபடி கிடங்கள்.

தாடையில் பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். பல் கடித்தபடியே நாள் முழுக்க இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். அதைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று முனையாதீர்கள். தெரிந்ததும் தானாகவே கொஞ்சம் தளர்வதுண்டு. தளராவிட்டாலும் பயிற்சி சரியாகவே நடக்கிறது.

வலி இருக்கும் இடத்தில் என்ன செய்வது? வூஸ்டருக்கு வந்தவர்களில் பலருக்கும் இருந்த கேள்வி இது. வலியைத் தாண்டி ஓடிவிடத்தான் நமக்குத் தோன்றும். அதன் ஓரத்துக்கு மட்டும் போங்கள். எவ்வளவு அகலம், சுடுகிறதா, குத்துகிறதா, இழுக்கிறதா, ஒரே மாதிரி நிற்கிறதா, கூடிக் குறைகிறதா? கூடவே ‘ஐயோ, இது எப்போது போகும்’ என்ற எண்ணம் வரும். வலி ஒன்று, அந்த எண்ணம் வேறொன்று. இரண்டும் இவ்வளவு நாளும் ஒட்டிக்கொண்டே வந்தவை. தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்போது வலி அப்படியே இருந்தாலும் பாடு குறைகிறது. தாங்க முடியாவிட்டால் கவனத்தை வலியில்லாத ஓர் இடத்துக்கு, உள்ளங்கைக்கோ மூச்சுக்கோ, நகர்த்திவிடுங்கள். அது தோல்வி இல்லை.

தூக்கம் வந்துவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. களைத்த உடம்புக்குத் தூக்கம் தேவைதான். முதல் வாரம் தூங்கினால் தூங்குங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள், அல்லது இரவுக்குப் பதில் காலையில் செய்யுங்கள். சிலருக்குக் காரணம் தெரியாமல் அழுகை வரும். வரட்டும். 45 நிமிடம் கிடைக்காதவர் 20 நிமிடத்தில் தொடங்கலாம். ஆனால் நாள்தோறும் 20 என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றரை மணி என்பதைவிட மேல்.

மூச்சு

உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதற்கு நீளமான விளக்கம் தேவையில்லை. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைப்பாக வேண்டாம். மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறதோ அந்த ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மூக்கு நுனி, நெஞ்சு, அடிவயிறு. பிராணாயாமம் பழகியவர்கள் இங்கே ஒன்றை மறந்துவைக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கவோ எண்ணிக்கையில் அடக்கவோ வேண்டாம். அது தன் போக்கில் வந்து போவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பதுபோலப் பார்த்தால் போதும். மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகிறது. வேகஸ் நரம்பின் வேலை அது. அமைதி வந்தால் நல்லது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அமைதி வருகிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பவருக்கு அது வருவதில்லை. சோறு வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போய்விடுவதைப்போல.

கைவேலையில் பயிற்சி

தனியாக உட்கார நேரமே இல்லாத வாழ்க்கை பலருக்கு. நானும் அப்படி இருந்திருக்கிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த ஒன்றரை ஆண்டு, இரவில் மூன்று முறையாவது எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ‘மூச்சுவிடக்கூட நேரமில்ல சித்தி’ என்று ஒருநாள் தொலைபேசியில் சொன்னேன். ‘மூச்சு விட்டுக்கிட்டுத்தானே கண்ணு பேசுற’ என்றார் சித்தி. ஆறுதலாகச் சொன்ன சொல். ஆனால் எனக்கு அதுவே பாடமாகிவிட்டது. அம்மாவைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு மூச்சை முழுதாகக் கவனிப்பது என்று வைத்துக்கொண்டேன். என் பாதம் தரையில் ஊன்றியிருப்பது, அவர் தோளுக்கு அடியில் போகும் என் கை, அந்தத் தோளின் சூடு. அதற்கு முன்பெல்லாம் புரட்டும்போது நான் அங்கே இருந்ததே இல்லை. மறுநாள் வேலையைக் கணக்குப் போட்டபடி புரட்டுவேன். வேலை ஒன்றும் குறையவில்லை. ஆனால் என் கை முரட்டுத்தனம் குறைந்தது என்பதை அம்மாவின் முகத்தில் பார்த்தேன். அந்த ஒன்றரை ஆண்டில் நான் அவரோடு உண்மையில் இருந்த பொழுதுகள் இன்று எனக்குப் பெரிய சொத்து.

ஆகவே ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாள்தோறும் எப்படியும் செய்கிற வேலையாக இருக்கட்டும். பல் துலக்குவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டியை எடுக்குமுன் ஹெல்மெட் மாட்டுவது, பேருந்து நிறுத்தத்தில் நிற்பது. வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் 1975-ல் எழுதிய சிறு நூலில் பாத்திரம் கழுவுவதையும் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டார். தோசை சுடுகிறவர் என்றால் மாவு கல்லில் விழும் சத்தம், கரண்டி வட்டமிடுவது, ஓரம் சிவந்து எழும்புவது, எண்ணெய் மணம் என்று முதல் தோசைக்கு மட்டும் முழுக்க அங்கேயே இருங்கள். எல்லாத் தோசைக்கும் இருக்கப் பார்த்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். கூட்டமான சாலையில் வண்டி ஓட்டும்போது கண்ணை மூடி மூச்சைத் தேடாதீர்கள். அங்கே முழுக்கவனம் என்றால் சாலையைக் கவனிப்பதுதான்.

எண்ணத்துக்கு ஒரு பெயர்

மனஅழுத்தத்தில் பெரும்பகுதி நடந்ததால் வருவதில்லை. நடந்ததைப் பற்றி மனம் ஓட்டும் கதையால் வருகிறது. நண்பர் எதிரே வந்தும் பேசாமல் போகிறார். ‘கோபமாக இருக்கிறார்’, ‘நான் அன்றைக்குச் சொன்னதுதான் காரணம்’, ‘எனக்கு யாரிடமும் பழகத் தெரியாது’: பத்து வினாடியில் இவ்வளவு தூரம் போய்விடுகிறோம். அவர் கண்ணாடி போடாமல் வந்திருக்கலாம்.

ஜிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் 1990-களில் இதை மனச்சோர்வு நோய்க்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒருமுறை மனச்சோர்வில் விழுந்து எழுந்தவருக்குச் சிறு துக்கம்கூடப் பழைய எண்ணச் சங்கிலியை இழுத்துவிடும். அந்தச் சங்கிலி ஓடத் தொடங்கும்போதே ‘இது எண்ணம், உண்மையின் தீர்ப்பு இல்லை’ என்று காணப் பழக்குவதே அவர்கள் உருவாக்கிய எட்டு வாரப் பாடம். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு, அது மறுபடி வராமல் தடுக்க, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004-ல் இதைப் பரிந்துரைத்தது.

அவர்கள் தந்த மூன்று நிமிடப் பயிற்சி மிகவும் கைக்கடக்கமானது. கோபம் வந்த நேரத்தில், மின்னஞ்சலுக்குப் பதில் தட்டுவதற்கு முன், பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பார்த்தவுடன் செய்யலாம். முதல் நிமிடம், இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பெயர் சொல்லுங்கள்: ‘பயம் இருக்கிறது’, ‘வயிற்றில் இறுக்கம் இருக்கிறது’, ‘அவனை விடக்கூடாது என்ற எண்ணம் இருக்கிறது’. ‘நான் பயந்தாங்கொள்ளி’ என்பதற்கும் ‘பயம் இருக்கிறது’ என்பதற்கும் உள்ள தூரத்தை நீங்களே உணர்வீர்கள். இரண்டாவது நிமிடம், எல்லாவற்றையும் விட்டு அடிவயிற்றில் மூச்சு. மூன்றாவது நிமிடம், கவனத்தை விரித்து உடம்பு முழுவதையும் முகம், தோள், நிற்கும் நிலை உட்பட உணருங்கள். பிறகு பதிலைத் தட்டுங்கள். தட்டப்போன முதல் வரி மாறியிருக்கும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

மிகைப்படுத்திச் சொல்கிறவர்கள் இத்துறையில் நிறைய. அதனால் இந்தப் பகுதியை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2014-ல் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்து அமெரிக்க மருத்துவர்கள் அலசினார்கள். இத்தகைய தியானப் பயிற்சிகளால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்குச் சான்று இருந்தது. வாழ்க்கைத் தரம் உயர்வதற்கான சான்று பலவீனமாகவே இருந்தது. உடற்பயிற்சி, மருந்து, மற்ற உளவியல் சிகிச்சை ஆகியவற்றைவிட இது மேலானது என்பதற்குச் சான்றே இல்லை. பின்னர் 276 பேரிடம் நடந்த ஒரு ஆய்வில், பதற்ற நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையும், மற்றவர்களுக்கு எட்டு வார எம்.பி.எஸ்.ஆர். வகுப்பும் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. இதை வைத்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வு மருத்துவர்களின் மேற்பார்வையில் நடந்தது.

இன்னொன்று. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. வகுப்பறையில் எல்லோருக்கும் பொதுவாக இதைச் சொல்லித்தந்ததால், வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. உங்கள் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி உட்காரவைக்காதீர்கள். நீங்கள் செய்வதைப் பார்த்து அவர்களாக வந்தால் வரட்டும்.

கொடுமையான அனுபவங்களைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடி உடம்புக்குள் போவது சில சமயம் பழைய காட்சிகளைக் கிளப்பிவிடும். அப்படி நேர்ந்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களும், கடும் மனச்சோர்வில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எந்தப் பயிற்சியையும் தேட வேண்டாம், ஒரு மனிதரோடு பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926.

சம்பளம் தராத முதலாளி, அடிக்கிற கணவன், பன்னிரண்டு மணி நேர வேலை: இவற்றால் வரும் அழுத்தத்துக்கு மூச்சைக் கவனிப்பது மருந்தாகாது. ஊழியர்களைக் கசக்கிப் பிழிந்துவிட்டு வெள்ளிக்கிழமை ஒரு தியான வகுப்பு வைக்கும் நிறுவனங்களைப் பற்றி ரொனால்ட் பர்சர் 2019-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முழுக்கவனம் ஒருவரைச் சகித்துக்கொண்டே இருக்கச் செய்தால் அது தவறாகப் பழகப்படுகிறது. எது என்னை வருத்துகிறது என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் ‘இதை நான் ஏற்கமாட்டேன்’ என்று நிதானமாகச் சொல்ல முடியும்.

உங்கள் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் உடம்பைச் சுற்றி வரும் பயிற்சி, நாள்தோறும். கூடவே நீங்கள் தேர்ந்த ஒரு கைவேலை. மூன்றாம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கார்ந்து மூச்சு; தெரிந்த எளிய ஆசனங்கள் இருந்தால் அவற்றை மெதுவாகச் செய்யலாம், எம்.பி.எஸ்.ஆர். பாடத்திலும் ஹட யோகம் உண்டு. நான்காம் வாரம் மூன்று நிமிடப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் அமைதியான நேரத்தில் பழகிய பிறகே கோபத்தில் எடுத்துப் பயன்படுத்த வரும். அதன்பின் உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அதில் நில்லுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதியும் நிமிடமும் மட்டும் எழுதுங்கள். ‘நன்றாக இருந்தது’, ‘மோசம்’ என்று மதிப்பெண் போட வேண்டாம். மூன்று நாள் விட்டுப்போனால், விட்டுப்போனதற்காக வருந்தி நான்காம் நாளையும் இழக்காதீர்கள்.

இன்றிரவு விளக்கணைத்ததும் போனைத் தள்ளி வைத்துவிட்டு மல்லாந்து படுங்கள். இடது கால் பெருவிரலில் தொடங்குங்கள். முழங்காலுக்கு வருவதற்குள் தூங்கிப்போனால், நாளைக்கு மறுபடி பெருவிரலிலிருந்து வாருங்கள்.